ஆவணி மாசத்துக் குடிக்கூலி

வெகு காலத்துக்கு முன்னே வெண்ணிலங்காடு என்ற நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார். பக்கத்தில் நின்று யார் அவரைச் சிரிக்க வைக்கிறாரோ அவர் சொன்னதுதான் அன்றைக்கு நீதி. அதற்கென்றே சபையில் தாண்டவராயர் என்று ஒருத்தர் இருந்தார். ராஜா தும்மினால்கூட, "ஆகா, என்ன தாளம்!" என்பார்.

தாண்டவராயர் மாளிகைக்குப் பின்னால் அவருக்கு ஒரு ஓட்டு வீடு உண்டு. அதில் வண்டிக்காரப் பெரியண்ணனும் அவன் பெண்சாதி சீரங்காயியும் கைக்குழந்தையோடு குடியிருந்தார்கள்.

ஒருநாள் தாண்டவராயர் வந்து, "ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்க ஜாகை வேண்டும். காலி பண்ணுங்கள்" என்றார்.

"இது ஆடி மாசமுங்களே. ஆடியில யாருங்க வீடு மாத்துவாங்க?" என்றான் பெரியண்ணன்.

"அதுவும் சரிதான். ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் போங்களேன், யார் விரட்டுகிறார்கள்?" என்று தேனாகப் பேசிவிட்டுப் போனார்.

ஆவணி பிறந்தது. நாலாம் நாள் நல்ல நாளாக அமைந்தது. சட்டி பானையெல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. மாடு பூட்டும்போது தாண்டவராயர் குறுக்கே வந்து நின்றார்.

"ஆவணிக் குடிக்கூலி எங்கே?"

"இந்த நாலு நாளைக்கு எடுத்து வச்சிருக்கேங்க" என்றாள் சீரங்காயி.

"நாலு நாளா? தொட்ட மாசம் முழு மாசம். முழுசாக வை."

சீரங்காயிக்கு உச்சி மண்டை எரிந்தது. "ஆவணி பொறந்து போகச் சொன்னதே நீங்கதானே? குடியிருக்கிறதுக்குக் கொடுக்கிற கூலி, அதனாலதான் அதுக்குக் குடிக்கூலின்னு பேரு. குடியில்லாத நாளுக்கு என்னத்துக்குக் கூலி?"

"வண்டிக்காரன் பெண்சாதிக்கு வாயைப் பார்!" என்றவர், கூலிக்கு இது போதும் என்று குழந்தையின் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை அவிழ்த்து மடியில் முடிந்துகொண்டார். அது தாய்மாமன் ஆசையாகப் போட்டது. பால் குடிக்கிற பிள்ளை இடுப்பில் கை வைக்க அந்த மனுசனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

"விடு புள்ள, பெரிய இடம்" என்றான் பெரியண்ணன்.

"பெரிய இடம்னா பிள்ளை இடுப்புக்கு வரணுமா? நீங்க வண்டியை ஓட்டுங்க, நான் வாரேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

நடந்ததைச் சபையில் சொன்னாள். ஆனால் அவளுக்கு முந்தியே வந்துவிட்ட தாண்டவராயர், அவள் வாயைத் திறக்குமுன்னே ராஜா காதில் எதையோ ஓதியிருந்தார். ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"பெண்ணே, இட்டிலியைக் கடித்துவிட்டு, கடித்ததற்கு மட்டும்தான் காசு தருவேன் என்பாயோ? தொட்ட மாசம் முழு மாசம்தான்!"

சபையே சிரித்தது. ஒரு பெண்பிள்ளை அழுத கண்ணோடு நிற்கிறாள், இவர்களுக்கு இட்டிலி கேலி! சீரங்காயி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பு அடங்கும்வரை நகரவில்லை.

"அப்படின்னா ஆவணி முழுசுக்கும் நான் கூலி கொடுத்தாச்சுங்களா, மகாராசா?"

"கொடுத்தாயிற்று."

"இது ராசா வாக்குங்களா?"

"ராஜ வாக்குத்தான், போ!"

அவள் போனாள். புது வீட்டுக்கு அல்ல, பழைய வீட்டுக்கு. அதற்குள் அங்கே பத்து ஆள் வைத்து வெள்ளையடித்து, மாவிலைத் தோரணம் கட்டி, ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் சட்டியும் பாலும் வாங்கி வந்தாள். நடு வீட்டில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, பால் பொங்கி வழியக் காய்ச்சினாள். குழந்தையை ஜமுக்காளத்தில் கிடத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே மேளம் கொட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்திகளுக்குத் தன் செல்வாக்கைக் காட்ட, தாண்டவராயர் ராஜாவையும் பல்லக்கில் கூட்டி வந்திருந்தார்.

"வாங்க, வாங்க. யாரைப் பார்க்கணும்?" என்றாள் சீரங்காயி.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன சம்பந்தி இது? வேற குடும்பம் பால் காய்ச்சிக் குடி வந்த வீட்டிலா எங்களை இறங்கச் சொல்றீங்க? இதுதான் உங்க ஊர் மரியாதையா? ஏம்ப்பா, மேளத்தை நிறுத்துங்க!"

தாண்டவராயர் உள்ளே பாய்ந்தார். "அடியே, எழுந்திரு! இது என் வீடு!"

"அடுத்த மாசம் உங்க வீடு. அதுக்கு அடுத்த மாசமும் உங்க வீடு. இந்த ஆவணி மட்டும் என் வீடு. வேணும்னா பின்னால நிக்கிறாரே, அவர்கிட்டக் கேளுங்க."

எல்லாரும் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜா தோரணத்தைப் பார்த்தார்.

"மகாராஜா, தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால்..." என்று தாண்டவராயர் இழுத்தார்.

"சொன்ன வார்த்தைதான் ஐயா இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது!" என்று ராஜா சீறினார். "நீ சொல்லச் சொன்ன வார்த்தை! சம்பந்தி ஜனங்கள் முன்னால் அதை நான் எப்படி முழுங்குவேன்? நீயே கெஞ்சு."

தாண்டவராயர் கையைப் பிசைந்தார். "தாயே, மூன்றே நாள். மூன்று நாளைக்கு மட்டும் இடம் கொடு."

"தாராளமா. மூணு நாளுக்கும் கூலி முழு மாசத்துக்கு. தொட்ட மாசமாச்சே!"

மாப்பிள்ளையின் அம்மாவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மடியிலிருந்த அரைஞாணைத் தாண்டவராயர் எடுத்து நீட்டினார். "அவிழ்த்த கையாலேயே கட்டிவிடு" என்றார் ராஜா. அத்தனை பேர் முன்னால், பட்டு வேட்டியோடு மண்டி போட்டு, அந்த மனுசர் குழந்தை இடுப்பில் கட்டினார்.

ராஜாவுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. "பெண்ணே, உன் புத்திக்கு முத்துமாலை தருகிறேன்!"

"மாலை எனக்கெதுக்குங்க? இங்கே நான் பேசிட்டேன். பேசத் தெரியாம எத்தனை பேரு பாத்திரத்தையும் தாலிப் பொட்டையும் கழட்டிக் கொடுத்துட்டு அழுதுகிட்டே வீடு மாத்தியிருப்பாங்க? சபையில என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களே மகாராசா, அந்தச் சட்டத்தை எடுங்க."

"சரி, நாளைக்குப் பார்ப்போம்."

"அப்ப நானும் நாளைக்கே எந்திரிக்கிறேன்."

சம்பந்தியம்மாள் ராஜாவை ஒரு பார்வை பார்த்தாள். ராஜா அவசர அவசரமாகத் தண்டோராக்காரனைக் கூப்பிட்டார்.

"இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், குடியிருந்த நாளுக்கு மட்டுமே குடிக்கூலி! டும் டும் டும்!"

பறைச் சத்தம் தெருக்கோடி தாண்டிப் போகும்வரை சீரங்காயி காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம்தான் எழுந்தாள். இருந்த நாலு நாளுக்கான காசை எண்ணித் தாண்டவராயர் கையில் வைத்தாள். ராஜாவுக்கு ஒரு கும்பிடுகூடப் போடாமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.