சென்னியப்பன் வண்டிக்குப் புதுப் பிரேக்

"அம்மிணி, இதைவிடப் பெரிய பிரேக் இருக்குதா?"

சென்னியப்பன் வண்டியை விட்டு இறங்கும் முன்பே கேட்டுவிட்டார்.

ஜெசிந்தா குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். துளை போட்ட பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் சிவப்புக் காலிப்பர். போன மாதம் அவளே மாட்டிக் கொடுத்தவை. டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்தும் பேட் மட்டும் அவர் அடம்பிடித்து வாங்கி வந்த ரேஸ் பேட்.

ஜெசிந்தா ஒரு காலத்தில் கார் ரேஸ் ஓட்டியவள். இப்போது கோவையில் பிரேக் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்கில் வண்டி ஓட்டவும் கற்றுத் தருகிறாள். மில்லைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அவளிடம் படிக்க வந்த சென்னியப்பன், அவள் அப்பாவைவிட மூத்தவர். அதனால் என்ன, சீடர் சீடர்தான்.

"இதுக்கு என்னங்ண்ணா குறை?"

"மரகதம் ஏற மாட்டேங்கறா."

மரகதம் அவர் மனைவி. இருவரும் ஊர் ஊராகப் போய்வரத்தான் இந்த வண்டியையே வாங்கினார். பேருக்கு எஸ்யூவி, ஆக்சிலரேட்டரில் காலை வைத்தால் ரேஸ் கார். கொஞ்ச நாள் ஏறிப் பார்த்தாள். இப்போது கோயிலானாலும் கல்யாணமானாலும் அவளுக்கு டவுன் பஸ்தான். பக்கத்து சீட் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"பயப்படறா அம்மிணி. அதுக்குத்தான பிரேக்கையே மாத்துனேன். முன்னெல்லாம் லாரிக்கு ரொம்பப் பின்னாலயே மிதிக்கோணும். இப்ப ஒட்டிப் போயி மிதிச்சாலும் கப்புனு நிக்குது. அதைக் காட்டலாம்னு கூட்டிட்டுப் போனேன். பாதி வழியில இறங்கிட்டா."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு அக்காவை வரச் சொல்லுங்க. பஸ்ஸுலயே வரட்டும்."

மறுநாள் அவர் வண்டியில் வந்தார். மரகதம் பஸ்ஸில் வந்தாள்.

ஜெசிந்தா ரேஸ் பேடைக் கழற்றி ஓரமாகப் போட்டாள்.

"இது நல்லாச் சூடானாத்தான் பிடிக்குமுங்ண்ணா. நீங்க காய் வாங்கப் போறதுக்குள்ள எங்க சூடாகறது?"

ரோட்டுக்கான பேடை மாட்டினாள். சென்னியப்பனின் முகம் தொங்கிப்போனது. பெரியதாக ஏதாவது வருமென்று பார்த்தால், இருந்ததும் போய்விட்டது.

புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். வேகமாகப் போய், நிற்க விடாமல் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி வேகமாகப் போய், மறுபடி குறைத்து, கருகல் வாடை வரும் வரை செய்ய வேண்டும். ஜெசிந்தா பைபாஸில் தனியாகப் போய் அதைச் செய்தாள். திரும்பும்போது மெல்ல உருட்டிக்கொண்டே வந்து, கடை வாசல் மேட்டில் வண்டியைத் தானாக நிற்க விட்டாள். மரகதத்தை முன்சீட்டில் ஏற்றினாள். பிறகு சென்னியப்பனைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள்.

"இன்னும் கொதிக்குதுங்ண்ணா. ஆறற வரைக்கும் பிரேக்கைத் தொடாம ஓட்டிட்டு வாங்க. சூட்டுல மிதிச்சு நிறுத்துனா பேடு டிஸ்க்குல திட்டா ஒட்டிக்கும். அப்பறம் எப்ப மிதிச்சாலும் வண்டி உதறும்."

"தொடாம எப்படி அம்மிணி?"

"உசுருக்கு ஆபத்துன்னா மிதிங்க, டிஸ்க்கை நான் மாத்தித் தர்றேன். அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பயந்துக்குவாங்க."

சென்னியப்பன் புறப்பட்டார்.

தூரத்தில் ஒரு லாரி. வழக்கமாக அதன் நம்பர் பிளேட்டைப் படிக்கும் அளவுக்குப் போய்த்தான் மிதிப்பார். இன்று அது சுண்டுவிரல் அளவு தெரியும்போதே காலை எடுத்துவிட்டார்.

டவுன் பஸ் ஒன்று நிறுத்தத்திலிருந்து கிளம்பப் பார்த்தது. போகட்டும் என்று விட்டார். பஸ் டிரைவர் வியந்துபோய்க் கையைக் காட்டினார். சிக்னலில் சிவப்பு. அவர் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்தது. ஆட்டோ ஒன்று குறுக்கே வரப்போவது, அந்த ஆட்டோக்காரருக்குத் தோன்றும் முன்பே இவருக்குத் தோன்றியது.

மரகதம் முதலில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு அதை மடியிலிருந்து கீழே வைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். மகள் வீட்டில் குழாய் ஒழுகுவது, தங்கச்சி மாமியாரோடு பேசாமலிருப்பது, எல்லாம் வந்தது. அவள் இப்படிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. சென்னியப்பன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் உம் கொட்டினார். நெஞ்சு நிறைந்திருந்தது.

வண்டி உருண்டு வந்து கடை மேட்டில் ஏறித் தானாக நின்றது. ஜெசிந்தா வெளியே வந்தாள்.

மரகதம் கண்ணாடியை இறக்கினாள்.

"கண்ணு, பழனிக்கு இதுலயே போயிக்கறோம். பிரேக்குன்னா இதுதான் பிரேக்கு."

சென்னியப்பன் ஒரு முறைகூடப் பிரேக்கை மிதிக்காத தன் காலைப் பார்த்துக்கொண்டார். மரகதம் அவர் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை நாளா இதைப் போடாம என்னங்க பண்ணிட்டு இருந்தீங்க?"