மடத்துக்குப் போன கூடை

“மயிலையை வர்ற சந்தைல வித்துப்போடலாம்னு இருக்கறனுங்க, சாமி.”

தலையில் கூடையோடு மடத்துத் தோட்டத்தில் நின்றபடி சொன்னார் ராக்கியண்ணன். மயிலை அவர் வீட்டிலேயே பிறந்த பசு. இப்போது ஏழு மாதச் சினை.

செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மடத்துச் சாமி நிமிர்ந்தார். ராக்கியண்ணனைவிட இருபது வயது இளையவர்.

“என்னாச்சுங்க?”

“மேய்ச்சக் காட்டுல புல்லே இல்லீங்க. மூணு வருசமா வரவர மோசம். மழைக்கென்னமோ கொறையில்ல. பக்கத்துக் காட்டுல கொழுக்கட்டைப் புல்லு முழங்கா உசரம் நிக்குது. என்ற காட்டுக்கு மட்டும் என்ன சாபமோ!”

“மயிலை எங்க மேயுதுங்க?”

“ராப்பகலா அந்தக் காட்டுலயேதானுங்க.”

“சாணி?”

ராக்கியண்ணன் முகம் மலர்ந்தது. தலையிலிருந்த கூடையைத் தட்டிக் காட்டினார்.

“ஒரு பொட்டு உடறதில்லீங்க. வழிச்செடுத்து நேரா மடத்துக்குத்தான். மூணு வருசத்துல ஒருநாள் தவறுனதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூடக் கொண்டாந்தனே!”

சாமி தோட்டத்தைப் பார்த்தார். வாழை, கீரை, வரப்போரப் புல் எல்லாம் கண்ணுபடும்படி செழித்திருந்தன. பார்க்கப் பார்க்க அவர் முகம் சிறுத்துப்போனது.

கூடையை வாங்க எப்போதும் நீளும் கை அன்று நீளவில்லை.

“எடுத்த எடத்துலயே கொண்டுபோயிப் போட்டுருங்க.”

ராக்கியண்ணன் பதறிப்போனார். “நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?”

“ஒண்ணும் கேக்காம வாங்குனது நானுங்க.”

சாமி அரிவாளை எடுத்து வரப்போரத்துப் புல்லை அறுத்தார். கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்தார்.

“உங்க காட்டுல முளைக்கற வரைக்கும் தெனமும் வந்து அறுத்துக்கோங்க. மயிலை போட்டதுதானே.”

தலையில் சாணி, கையில் புல். ஒன்றும் விளங்காமலே ராக்கியண்ணன் காட்டுக்குத் திரும்பினார்.

மயிலை ஓடி வந்து புல்லுக்கட்டில் வாய் வைத்தது. அவர் கூடையை வேலியோரம் கொட்டக் குனிந்தார். கிளுவை முள்ளுக்குள் ஒரு முழ அகலத்துக்குப் புல் கருகருவென்று நின்றது.

கையில் முள் ஏறுமென்று போன வருசம் அவர் சாணியை எடுக்காமல் விட்ட இடம்.

கூடைச் சாணியைப் புல்லில்லாத நடுக்காட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்.

பின்னால் மயிலை வாலைத் தூக்கியது. பழக்கதோஷத்தில் கூடையோடு ஓடியவர், பாதியில் நின்றார். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“போடு ஆத்தா, நல்லாப் போடு,” என்றார்.