காதில் சொன்ன பேர்

காரை ஓட்டியவர் குரு. பெயர் திலகவதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீடர் ஏகாம்பரத்துக்கு வயது அறுபத்துமூன்று. குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கல்லூரியில் கல்வெட்டுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதனால் குரு அவரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார்.

செங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், 'ஊர் வரலாற்றுக் காட்சியகம், அனுமதி இலவசம்' என்று ஒரு போர்டு தெரிந்தது.

"அம்மா, நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"இருட்டறதுக்குள்ள ஓசூர் போக வேண்டாமா?"

"அஞ்சே நிமிஷம்மா."

அவருடைய அஞ்சு நிமிஷம் குருவுக்குத் தெரியாதா? மறுபேச்சில்லாமல் இஞ்சினை அணைத்துவிட்டுத் தானும் இறங்கினார்.

ஒரே ஒரு கூடம்தான். உடைந்த தாழி, மரக்கால், துருப்பிடித்த ஈட்டி, எந்தத் துரையோ விட்டுப்போன தொப்பி. ஏகாம்பரம் தொப்பிக்குள்ளேகூட எட்டிப் பார்த்தார். மனுஷனுக்கு எதைத்தான் பார்க்காமல் விட மனசு வரும்?

மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நடுகல். உருவமே தெரியாதபடி எண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்தது. அதற்கு மாலை போட்டு, பொங்கல் படைத்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். காட்சியகத்தில் படையலா! ஏகாம்பரம் வாயைப் பிளந்தார்.

"எங்க குலசாமிங்கய்யா" என்றாள் அவள். பச்சையம்மாள் என்று பேர். "ரோடு போட்டப்ப எங்க நிலத்துலேர்ந்து எடுத்தாந்து இங்க வெச்சுட்டாங்க. வாட்ச்மேன் நல்ல மனுசன், கும்பிட விடுவாரு."

"என்ன சாமி?"

"அதான் தெரியலையே! தலைச்சன் புள்ளைக்கு இவரு பேரைத்தான் வெக்கணும். பேரு தெரியாம சாமிக்கண்ணு, சாமிக்கண்ணுன்னே நாலு தலைமுறையா ஒப்பேத்திட்டோம். கல்லுல எழுத்து இருக்காம், படிக்க ஆளில்ல. இன்னைக்குத்தான் என் புள்ளைக்குப் பேர் வெக்கிற நாளு."

இதைக் கேட்ட பிறகு ஏகாம்பரத்துக்குக் கை சும்மா இருக்குமா? அவளிடம் கேட்டுக்கொண்டு, தோள் துண்டை எடுத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"வட்டெழுத்தும்மா! இதோ... நீ... ல... ன். நீலன்!"

பச்சையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு நொடி தாமதிக்கவில்லை. குழந்தையின் காதில் வாயை வைத்து, "நீலன், நீலன், நீலன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். சர்க்கரைத் தண்ணீரையும் நாக்கில் தொட்டு வைத்தாள்.

ஏகாம்பரம் அடுத்த வரியைத் துடைத்தார். துண்டு அப்படியே நின்றது. மெல்ல எழுந்து குருவிடம் வந்தார்.

"அம்மா, அவசரப்பட்டுட்டேன். 'நீலன் என்னும் நாய்'னு இருக்கு."

"ஓ!"

"சொல்லாம விட்டுடட்டுமா? பாவம், எவ்வளவு சந்தோஷமா இருக்கா."

"பேரைச் சத்தமாத்தானே படிச்சீங்க? மிச்சத்தையும் சத்தமாப் படிங்க."

அவர் படித்தார்.

"நீலன் என்னும் நாய், ஊரார் எல்லாம் ஓடிப்போகத் தான் ஓடாது நின்று, மாடு கவர வந்த கள்வர் இருவரைக் கடித்துப் பட்டது... பட்டதுன்னா, செத்துப்போச்சும்மா."

பச்சையம்மாள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"நாயா? ஐயோ, என் தலைச்சன் புள்ளைக்கு நாய்ப் பேரையா வெச்சேன்? காதுல சொல்லியாச்சே, இனி மாத்தறதுக்கு இல்லையே! ஊரே கைகொட்டிச் சிரிக்குமே!"

ஏகாம்பரத்துக்கு அவமானமாக இருந்தது. எத்தனை வருஷம் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பார், முழுவதும் படிக்காமல் வாயைத் திறக்காதே என்று!

"வேற பேரு ஏதாச்சும் இருக்கான்னு பாருங்கய்யா" என்று அவள் அழுதாள். "சாமி குத்தம் வந்தாலும் வரட்டும், மாத்திடறேன்."

அவர் குருவைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

குரு குழந்தையின் பக்கத்தில் குனிந்து, அதன் கன்னத்தில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தண்ணீரைத் துடைத்துவிட்டார்.

"கல்லை இன்னொரு தடவை நல்லாப் பாருங்க வாத்தியாரே. ஓடிப்போனவங்க பேரு எங்கயாவது எழுதியிருந்தா, அதையே வெச்சுடலாம்."