சூரியனைத் திருப்பிய நரி

கானாங்கோழி வேம்பி, ஏரிக் கோரைக்குள் தன் ஐந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. கோழிக்குப் பல் ஏது என்பீர்கள். வயிறு எரியும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?

அந்த ஏரிக்கரையில் ஒரு நரி இருந்தது. 'சூரியத் திருப்பியார்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட நரி. ஆடி பிறந்ததும் வந்து நிற்கும்.

"சூரியன் வடக்கே வடக்கே நகர்ந்து போகுது, பார்த்தீங்கல்ல? இப்படியே விட்டா நம்மளை விட்டே போயிடும். அப்புறம் இருட்டுதான்! நான் ஊளையிட்டாத்தான் தெற்கே திரும்பும். ஊளையிடத் தெம்பு வேணாமா? எடுங்க முட்டையை!"

தின்னும். ஊளையிடும். சூரியனும் தெற்கே நகரும். ஏரியே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

போன வருடம் வேம்பியின் முட்டை அத்தனையும் அப்படித்தான் போயின.

"விடு வேம்பி. நாலு முட்டைக்குப் பார்த்து சூரியனையே தொலைக்கலாமா?" என்றது நத்தைகொத்தி நாரை. அது முட்டையிடுவது மார்கழிப் பக்கம். ஆடியில் கொடுக்க அதனிடம் ஒன்றும் கிடையாது.

"உனக்கென்னய்யா! போறது என் வயித்துல பொறந்தது!"

இந்த வருடம் வேம்பி சும்மா இருக்கவில்லை. கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து விடியலில் கிழக்குக் கரையையே முறைத்துக்கொண்டிருந்தது. சூரியன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வடக்கே தள்ளி உதித்தது. ஆனி முதல் வாரத்தில் ஒற்றைப் பனைக்குப் பின்னால் வந்து சில நாள் அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் தெற்கே, ஈச்சம்புதர்ப் பக்கம் திரும்பிவிட்டது. நரி அப்போது வரவே இல்லை!

"திரும்பினதுக்கு அப்புறம் வந்து ஊளையிடுறானா? படுபாவி!"

"எங்க ஊர்லயும் ஒருத்தன் இருக்கான்" என்று கிளையிலிருந்து ஒரு குரல். கடல் தாண்டி வந்த சுடலைக்குயில்.

"நீயா? தவிட்டுக்குருவி கூட்டுல முட்டையைத் தள்ளிட்டு ஊர் சுத்துறவதானே!"

"திட்டு, திட்டு. சேதியைக் கேட்டுட்டுத் திட்டு. நான் வர்றது பூமியோட நடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்து. உங்களுக்குப் பகல் நீளும்போது அங்கே பகல் சுருங்கும். உங்க நெடும்பகல்தான் அவங்களுக்கு நெடுராத்திரி. அங்கே ஒரு கழுதைப்புலி, 'போன சூரியனை நான்தான் இழுத்துட்டு வரேன்'னு சொல்லித் தீக்கோழி முட்டையா விழுங்குறான்!"

வேம்பிக்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது. "ஒரே சூரியன். இவன் அனுப்புறானாம், அவன் இழுக்குறானாம். அப்போ நிஜமாத் திருப்புறது யாரு?"

"யாருமில்லை. அதோ, அந்தக் கரையான் புத்தைச் சூரியன்னு வச்சுக்கோ. நீதான் பூமி. உன் மூக்கு பூமியோட வடபாதி, வால் தென்பாதி. மூக்கை ஒற்றைப் பனையை விட்டு எடுக்காம புத்தைச் சுத்தி வா."

வேம்பி முணுமுணுத்தபடி சுற்றியது. இந்தப் பக்கம் நின்றபோது மூக்கு புற்றை நோக்கி இருந்தது. அந்தப் பக்கம் போனதும் வால் புற்றை நோக்கி இருந்தது. அது உடம்பைத் திருப்பவே இல்லை!

"பூமியும் அப்படித்தான். ஒரே பக்கமாச் சாய்ஞ்சு சுத்துது" என்றது குயில். "ஆனியில வடபாதி சூரியன் பக்கம் சாய்ஞ்சிருக்கும். மார்கழியில தென்பாதி. எந்தப் பாதி சாய்ஞ்சிருக்கோ, அதுக்கு நெடும்பகல். சூரியனும் அந்தப் பக்கமாத் தள்ளி உதிக்கிற மாதிரி தெரியும்."

ஆடி பிறந்தது. நரி வந்தது.

"என்ன வேம்பி, அஞ்சா? பேஷ்!"

"கொடுக்கிறேன், திருப்பியாரே. ஒரே ஒரு நாள் சூரியனை மறுபடி ஒற்றைப் பனைக்கு அனுப்பும். நாளைக்கு அங்கே உதிச்சா அஞ்சும் உமக்கு!"

நரி கனைத்தது. "அது... சூரியன் களைச்சிருக்கு."

"களைச்சது சூரியனா, உன் பொய்யா? ஆனியிலேயே திரும்பினதுக்கு ஆடியில கூலியா? போன வருஷக் குஞ்சுகளுக்கு என்னடா பதில்?"

நரி கூட்டின் மேல் பாய்ந்தது. வேம்பி அதன் கண்ணுக்குக் குறிவைத்துக் கொத்தியது. தவளைகள் கத்தின, நீர்க்காகங்கள் சிறகால் அறைந்தன. வால் இடுக்கிய நரி கரையேறி மறைந்தது.

நத்தைகொத்தி பணிவாகக் கழுத்தை வளைத்து வந்தது. "வேம்பி அம்மா! இனிமே சூரியனைத் திருப்புறது நீங்கதானா? காணிக்கை என்ன வைக்கட்டும்?"

வேம்பி அதை ஏற இறங்கப் பார்த்தது. நரியைக் கொத்தியபோது கூட அதற்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

"போய்யா! போய் அந்தப் புத்தைச் சுத்து!"

தானாக நடப்பதற்குக் கூலி கேட்பவன் திருடன் என்றால், ஏன் நடக்கிறது என்று கேட்காமலே கொடுப்பவன் அந்தத் திருட்டுக்குக் கதவைத் திறந்து வைப்பவன்.