தூதர் வாங்கிய கடிதம்

நான்கு நாடுகளின் அவை கூடுவதற்கு முதல் நாள், உச்சி வேளையில், மேட்டுநாட்டுத் தூதர் மருதவாணர் மடத்துக்குள் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மடத்தின் தலைவி வெள்ளியம்மை. மருதவாணரைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் குரு அவர்தான். பன்னிரண்டு வருடம் அவரிடம் பாடம் கேட்டவர் இந்தத் தூதர்.

"முதல்ல சாப்பிடுங்க," என்றார் அம்மை.

நெற்றியில் தழும்பும் நரைத்த மீசையுமாக ஒருவர் இலை போட்டுப் பரிமாறினார். வழியெல்லாம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்த தூதர், கீரைக் குழம்புக்கு மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார்.

"சமையல் நீங்களா? உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

மீசைக்காரர் சிரித்தபடி மோர் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

"இப்ப சொல்லுங்க," என்றார் அம்மை.

"நாளைக்கு என் அரக்கு முத்திரையைக் கேப்பாங்கம்மா. கரைமக்கள் இயக்கத்தைப் பயங்கரவாத இயக்கம்னு அறிவிக்கப் போறாங்க. மூணு நாட்டுக்காரங்க குத்தியாச்சு. நான்தான் பாக்கி."

ஆற்று நீரில் பங்கு கேட்டு எழுந்த இயக்கம் அது. போன மாதம் அவர்களில் சிலர் சுங்கச்சாவடிக்குத் தீ வைத்தார்கள். இரண்டு காவலர்கள் வெந்து செத்தார்கள். ஒன்பது எழுத்தர்களைப் பிடித்துக்கொண்டும் போய்விட்டார்கள். அந்த ஒன்பதில் ஒருவன் குமணன், தூதருடைய தங்கை மகன்.

"செத்தவங்க வீட்டுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். குத்திடலாம்னுதான் தோணுது. ஆனா கை வரமாட்டேங்குது."

"அந்த ஆணையைப் படிங்க."

மருதவாணர் படித்தார்: "அவ்வியக்கத்தாருக்குச் சோறிடுபவர், அவரிடம் சோறு வாங்கி உண்பவர், அவரோடு பேசுபவர், அவர் தரும் கடிதத்தை வாங்குபவர் எவராயினும் பயங்கரவாதியே. விலக்கு இல்லை."

அம்மை சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, இங்க வாங்க. நீங்க வந்து மூணு வேளை சாப்பிட்டாச்சு. இனிமே பேரைக் கேக்கலாம்."

வந்தவர் மூன்று வேளை உண்ணும்வரை ஊர் பேர் கேட்பதில்லை என்பது அந்த மடத்து வழக்கம். வந்தவர்களும் சும்மா இருக்காமல் ஆளுக்கொரு வேலை செய்வார்கள். இந்த வழக்கத்தை மருதவாணரே பல வருடம் கட்டிக்காத்திருக்கிறார்.

மீசைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காத்தமுத்துங்க. கரைமக்கள் இயக்கம்."

தூதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தானாக இடுப்புக்குப் போனது. வாளை மடத்து வாசலிலேயே கழற்றி வைத்திருந்தார்.

"நீங்க இந்த மடத்துப் பிள்ளைன்னு கேள்விப்பட்டு, வருவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்று காத்தமுத்து மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "தீ வெச்ச அஞ்சு பேரையும் நாங்களே கட்டிப் போட்டிருக்கோம். உங்க நீதிமன்றத்துல கொண்டாந்து நிறுத்தறோம். பேச ஒருத்தர் வந்தாப் போதும், எழுத்தருங்க ஒன்பது பேரையும் அனுப்பிடறோம். மூணு நாட்டு அரண்மனை வாசல்லயும் நின்னு பாத்துட்டேன். கடுதாசியை வாங்க ஆளில்லை."

"ஒன்பது பேரும் உயிரோட இருக்காங்களா?" தூதர் அவசரமாகக் கேட்டார். "குமணன்னு ஒரு பையன்..."

"நெட்டையா இருக்குமே, அந்தப் பிள்ளையா? நான் கெளம்பறப்பகூட, குழம்புல உப்பு பத்தலைன்னு ஒரே சண்டை."

மருதவாணர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. வீட்டிலும் உப்புக்குச் சண்டை போடுகிறவன்; சந்தேகமேயில்லை, அது குமணன்தான். தங்கையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று மனசு பறந்தது.

கை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, சோறு தின்னாச்சு, பேசியாச்சு, கடிதமும் வாங்கியாச்சு. இந்த ஆணைப்படி முதல்ல என்னைத்தான் பிடிக்கணும்."

"நல்லவேளை, நீங்க இன்னும் குத்தலை," என்றார் அம்மை.

தூதர் ஆணையைச் சுருட்டினார். சுருட்டிய கை பாதியில் நின்றது.

"நாளைக்கு அவையில ஒரு வாரம் அவகாசம் கேக்கறேன். காத்தமுத்துவோட நானே போறேன். ஆனா ரெண்டு உயிர் போயிருக்கும்மா. இவங்க என்னை ஏமாத்திட்டா?"

காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏமாத்தினா அடுத்த வாரம் குத்துங்க," என்றார் அம்மை. "அரக்கு அன்னைக்கும் உருகும்."