பொட்டலம் சீக்கிரம் வந்தது

மூங்கில் காட்டில் வைத்தியம் பார்த்தது ஒரு பெண் முள்ளம்பன்றி. கைராசிக்காரி. பேச்சில்தான் முள் அதிகம். யார் போனாலும் முதலில் நாக்கை நீட்டச் சொல்லும். அடுத்தது, "சாணம் எங்கே?" என்று கேட்கும். இரண்டையும் பார்த்த பிறகுதான் மருந்து.

ஒரு நாள் எருமை தன் கன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது. கன்றுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. வரிசையில் ஏழு பேருக்குப் பின்னால் நின்று, மதியம்தான் அதன் முறை வந்தது.

"சாணம் கொண்டுவந்தியா?"

"இத்தனை பேர் முன்னாடியா கேக்கறீங்க, வைத்தியரம்மா?"

"பாக்காம எந்தப் பூச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு இலையில ஏந்திட்டு வா. அதுவரைக்கும் ஊத்துத் தண்ணி மட்டும் குடு."

பின்னால் நின்ற குரங்கு சிரித்தது. எருமைக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பெரிய கொம்பை வைத்துக்கொண்டு இலையில் சாணம் ஏந்தி வருவதா!

திரும்பும் வழியில் ஒரு மைனா கூவிக்கொண்டிருந்தது.

"வரிசை வேண்டாம்! நாக்கு நீட்ட வேண்டாம்! சாணம் காட்டவே வேண்டாம்! இருந்த இடத்துக்கே மருந்து வரும்!"

எருமை நின்றது. "யாருடி விக்கறது?"

"அதெல்லாம் எதுக்கு எருமையக்கா? வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க." மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியே முயலின் குரலில் பேசியது. "சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்திருச்சு! ரொம்பத் திருப்தி!" பிறகு காட்டுப்பன்றியின் குரலில், "பொட்டலம் பிரமாதம்!"

"குறை சொன்னவங்க யாரும் இல்லையா?"

"இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட இல்லை!"

அது பொய்யில்லை.

"விலை என்ன?"

"விலையா! நீங்க எங்க படுப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க. கொண்டுவந்து சேர்க்கணுமில்ல?"

"நாணல் மேட்டுக்குப் பின்னால, சேத்துப் பள்ளம்" என்றது எருமை. வரிசையில் நின்ற நேரத்தை நினைத்தால் இது எவ்வளவு சுலபம்!

மறுநாள் காலையிலேயே பொட்டலம் வந்துவிட்டது. பச்சைத் தேக்கிலை, கொடியால் ஒரு கட்டு, மேலே ஒரு பூ. மைனா கிளையில் உட்கார்ந்து காத்திருந்தது.

"நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"இன்னும் கன்னுக்குக் குடுக்கவே இல்லையே?"

"அதனால என்ன? வந்ததைப் பத்திச் சொல்லுங்க. எனக்கு இன்னும் நாலு இடம் போகணும்."

எருமையின் அபிப்பிராயத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. அது நிமிர்ந்து நின்று சொன்னது: "சீக்கிரம் வந்துச்சு! இலை பச்சையா இருந்துச்சு! எல்லாரும் வாங்கலாம்!"

உள்ளே வெள்ளைப் பொடி இருந்தது. கன்று முகம் சுளித்துக்கொண்டே தின்றது. வெயில் ஏறுவதற்குள் அதன் முன்னங்கால்கள் மடங்கின. வாயில் நுரை தள்ளியது.

எருமை ஓடியது. வரிசையை முட்டித் தள்ளிக்கொண்டு முள்ளம்பன்றியின் முன் போய் நின்றது.

"என்ன குடுத்தே?"

"வெள்ளைப் பொடி..."

"உப்பும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை! உள்ளே என்ன இருந்துச்சு?"

"தெரியாதே! முயலுக்கு ரொம்பத் திருப்தியாம்."

"முயல் செத்துப் பத்து நாளாச்சு" என்றது முள்ளம்பன்றி. "அதோட குரல்தான் இன்னும் வியாபாரம் பண்ணுது. வழியைக் காட்டு!"

சேற்றுப் பள்ளத்தில் கன்று கிடந்தது. இன்னும் மூச்சு இருந்தது. நாலடி தள்ளி ஒரு நரி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. வேட்டைக்கே போகாத, கொழுத்துப் பளபளத்த நரி.

"இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று எருமை கத்தியது.

"நீங்கதானேக்கா சொல்லி அனுப்பினீங்க!" என்று சொன்ன பிறகுதான் நரி நாக்கைக் கடித்துக்கொண்டது.

அடுத்த நொடி அது எருமையின் கொம்புக்கும் சேற்றுக்கும் நடுவில் இருந்தது.

"பொடியில என்னடா கலந்தே?" முள்ளம்பன்றி குனிந்து கேட்டது. "சொன்னா மாத்து மருந்து உண்டு. சீக்கிரம் சொல்லு!"

"சத்தியமாத் தெரியாது! ஆட்டுப்பட்டிக்காரங்க காலாவதியான மருந்தைத் தூக்கிப் போடுவாங்க. எலி பொறுக்கிட்டு வரும். நான் இலையில கட்டிக் குடுக்கறதோட சரி!"

நரி தன் வாழ்நாளில் வாய் தவறாமல் சொன்ன முதல் உண்மை அதுதான். அது யாருக்கும் உதவவில்லை.

முள்ளம்பன்றி தனக்குத் தெரிந்த மூன்று பச்சிலைச் சாறுகளையும் ஊற்றிப் பார்த்தது. பொழுது சாய்வதற்கு முன் கன்றின் மூச்சு நின்றது. நரியும் அந்தச் சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை.

கிளையில் மைனா வந்து உட்கார்ந்தது.

"நான் சொன்னதை அழிச்சிரு!" என்றது எருமை. "குறை சொல்லணும். எழுதிக்கோ!"

"பிரிச்ச பொட்டலத்துக்குக் குறை ஏத்துக்கறதில்லை அக்கா."

"வித்த நரியே செத்துப்போச்சுடி!"

"அதனால என்ன? அதுக்குத் தம்பி இருக்கே" என்று சொல்லி மைனா ஆற்றைத் தாண்டிப் பறந்தது.

சற்று நேரத்தில் அக்கரையிலிருந்து எருமையின் குரல் கேட்டது. "சீக்கிரம் வந்துச்சு! இலை பச்சையா இருந்துச்சு! எல்லாரும் வாங்கலாம்!"

"வேண்டாம்! வாங்காதீங்க!" என்று இக்கரையில் எருமை தொண்டை கிழியக் கத்தியது. அவ்வளவு தூரத்துக்கு அது ஏதோ மாட்டுச் சத்தமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அக்கரையில், இருமும் குட்டியோடு நின்ற புள்ளிமான், தான் படுக்கும் இடத்தை மைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

பயன்படுத்திப் பார்க்காததைப் புகழ்கிறவர், கூலி கேட்காமல் திருடனுக்குக் கடை நடத்துகிறார்.