சடையனும் மூன்றாவது கொட்டாங்குச்சியும்

குளக்கரை மருதமரத்தடியில் ஒரு நீர்நாய் பள்ளிக்கூடம் நடத்தியது. முயல், அணில், கீரி, குரங்கு என்று பன்னிரண்டு குட்டிகள் படித்தன. படித்தன என்பதைவிடக் கத்தின என்று சொல்லலாம்!

பக்கத்துக் குகையில் ஒரு கரடி பகலில் தூங்கும். ஒருநாள் அது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது.

"டீச்சரம்மா! இன்னும் மூன்று நாள் பார்ப்பேன். அப்புறமும் இதே கூச்சல் என்றால் பள்ளிக்கூடத்தை வேறு காட்டில் வைத்துக்கொள்ளுங்கள்!"

"மூன்று நாள் போதும்" என்றது நீர்நாய்.

மரத்திலிருந்த காகம் சிரித்தது. "நாலு அடி போடுங்கள், அரை நாளில் அடங்கும்!"

"அடித்தால் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கத்துவார்கள். வேண்டாம்."

மறுநாள் நீர்நாய் குட்டிகளை இரண்டு அணியாகப் பிரித்தது. அணிக்கொரு கொட்டாங்குச்சி வைத்தது.

"பாட நேரத்தில் கத்தினால் உங்கள் அணிக்கு ஒரு கூழாங்கல் விழும். நான்கைத் தாண்டாவிட்டால் ஜெயம். இரண்டு அணியும் ஜெயிக்கலாம்! ஜெயித்தவர்களுக்குச் சாயங்காலம் சேற்றுச் சறுக்கு!"

முயல் உடனே வாயைப் பொத்திக்கொண்டது. ஆனால் சடையன் என்ற குரங்குக்குட்டி வேண்டுமென்றே "கீ... கீ..." என்று கத்தியது. அதன் அணிக்குப் பத்துக் கல் விழுந்தது.

"உன்னால்தான் தோற்றோம்!" என்று அணில் அழுதது. சடையனுக்கு ஒரே பெருமை. வகுப்பே தன்னைத்தான் பார்க்கிறது!

அடுத்த நாள் நீர்நாய் மூன்றாவது கொட்டாங்குச்சி ஒன்றை வைத்தது. "சடையா, இது உனக்கு. நீ மட்டும் ஒரு அணி."

சடையன் கத்தியது. கல் விழுந்தது. யாரும் அழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் பதினொரு குட்டிகள் சேற்றில் வழுக்கித் தண்ணீரில் தொப் தொப்பென்று விழுந்தன. சடையன் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தது.

"டீச்சர், என்னைப் பழைய அணியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்!"

"என்னிடம் கேட்காதே. அணிலிடம் கேள்."

அணில் யோசித்தது. "கத்த மாட்டாயே?"

"கத்தத் தோன்றினால் வாலைக் கடித்துக்கொள்வேன்!"

மூன்றாம் நாள் சடையன் ஆறு முறை வாலைக் கடித்தது. ஒரே ஒரு முறை மறந்து கத்தியது. ஒரு கல்தான்!

மத்தியானம் கரடி குழப்பத்தோடு எட்டிப்பார்த்தது. "இன்றைக்கு லீவா?"

"உஸ்! ஏழாம் வாய்ப்பாடு நடக்கிறது" என்று காகம் கிசுகிசுத்தது.

அன்று சாயங்காலம் சறுக்கில் முதலில் இறங்கியது சடையன்தான். அதன் இடுப்பைப் பிடித்தபடி அணிலும் போனது.

பிரம்புக்குப் பயந்து வரும் அடக்கம் பிரம்போடு போய்விடும். கூடி விளையாடிப் பழகிய ஒழுங்கே நிலைத்து நிற்கும்.